ஆளப்பட்டோர் ஆட்சியியல் பயின்ற வரலாறு

நமது சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பழங்குடியினர் ஆட்சிமுறை பற்றி எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். சீர்காழி வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நாடு. இங்கு மலையேது, வனமேது? ஆயினும் நலத்துறை அலுவலகத்தின் பெயர்ப்பலகையை நோக்குக. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்னும் இரு பெயர்களும் அதில் அடுத்தடுத்தே நிற்கின்றன.

வெள்ளையர் காலத்தில் பழங்குடியினர் பற்றிய கல்வி பெரிதும் அவர்களை ஆளச் சென்றோருக்கே பயன்பட்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இருளரும் தோடரும் அவற்றில் எழுதப்பட்டனர். எழுதும் நிலையில் அவர்கள் இல்லை.

அந்நிலை மாறத் தொடங்கியதற்கு இருவர் வாழ்வு சான்றாகும். அண்ணல் அம்பேத்கர் 1915-இல் கொலம்பியா பல்கலைக்கழக முதுகலைப் பட்டத்திற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆராய்ந்தார். தம் மக்களின் துயரை எழுதுவதற்கு முன் ஆண்டவர்களின் கணக்கேட்டையே புரட்டினார் எனலாம்.

மற்றவர் ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சிப் பகுதிச் சிற்றூரொன்றில் 1903-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வு பெற்றார். பயிற்சிக் காலத்தில் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்கச் சென்றமையால், மீண்டும் ஓராண்டு பயிலப் பணித்தனர். அவர் பதவியையே உதறினார். (கலெக்டராகவே ஓய்வுபெற்றிருந்தால் இன்று அவரை யார் நினைப்பர்?) 1939-இல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை ஏற்றார். 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில், ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க இயலாது, அவர்களிடமிருந்தே கற்க வேண்டும் என்று முழங்கினார்.

1949 செப்டம்பர் 5 அன்று ஐந்தாம் அட்டவணை விவாதத்திற்கு வந்தபோது இவ்விருவரும் மாறுபட்டனர் என்பதை மறைத்தல் முறையன்று. திருத்திய வரைவை முன்மொழிந்தவர் அண்ணல். முதல் வரைவில் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவிற்கு இருந்த முன்முயற்சி ஆளுநர் கைக்குப் போய்விட்டதே என வருந்தியவர் ஜெய்பால் சிங். வடகிழக்கு மலைமாவட்டங்களுக்கான ஆறாம் அட்டவணையிலோ, நிலம், வாரிசுரிமை முதலியன குறித்துச் சட்டமியற்றும் மாவட்டக் கவுன்சில்களே அமைந்தன. ஓரிடத்தில் ஆலோசனை, மற்றோரிடத்தில் அதிகாரம். ஒரு சொல்லின் வேறுபாடு தலைமுறைகளின் வேறுபாடாயிற்று.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதுமில்லை. ஆலோசனைக் குழு மட்டுமே உண்டு. ஆதலின் அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளை வலுப்படுத்திய 1996 ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லிமலைக்கும் சவ்வாது மலைக்கும் எட்டவில்லை. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே இங்குள்ள கிராம சபைகளுக்கு உரிமைக் கோரிக்கைகளை ஏற்றுத் தொடங்கும் பொறுப்பை அளித்தது.

இவற்றைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பு இன்று உண்டு. அமர்கண்டக்கில் 2008-இல் மத்தியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் துலூத் வளாகத்தில், செவ்விந்தியப் பழங்குடி அரசுகளின் நிர்வாகத்திற்கெனவே 2011-இல் முதுகலைப் பட்டம் ஏற்பட்டது. பாடத்திட்டம் அப்பழங்குடிகளைக் கலந்தே வகுக்கப்பெற்றது.

இதன் அருமையை நான் உணர்ந்தது தாமதமாகத்தான். கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலிருந்து வந்து, என் பள்ளியில் படித்த இருளர் மாணவன் ஒருவனின் தந்தை, இனச்சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கு மும்முறை நடந்தார். பழங்குடியினர் சான்றை 1989 நவம்பர் 11 முதல் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். அங்கிருந்த எவரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் என்னிடமும் வந்து கேட்டார். பட்டம் பெற்று, வரலாறு கற்பிக்கும் எனக்கும் அவ்விதி அன்று தெரியாது. மீண்டும் அங்கேயே அனுப்பினேன். உதவித்தொகைக்குரிய நாள் கடந்தது. பையன் அவ்வாண்டே இறால் பண்ணை வேலைக்குப் போய்விட்டான்.