கல்லில் எழுதும் பெயர்

தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் நம் தருமபுரி மாவட்டமும் ஒன்று. காரிமங்கலத்தில் வாழும் நாம் அவற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே அவை நிற்கின்றன. போரில் பட்ட வீரனின் உருவம், அவன் பெயர், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டு, அவன் செய்த செயல்: எழுத்துள்ள கற்களில் பெரும்பாலும் இவ்வளவே காணப்படும். அவன் நல்ல கணவனா, வாங்கிய கடனைத் தீர்த்தவனா, அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்ந்தவனா என்பதைக் கல் கூறுவதில்லை.

இம்மரபு தொன்மையானது. கல்லைத் தேடிக் காண்பது முதல் அதை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. ஆநிரையை மீட்டு மாண்டவனுக்கும் கல் உண்டு. அதைக் கவரச் சென்று மாண்டவனுக்கும் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று, கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற கோவிவன் என்னும் நாயையும் போற்றுகிறது. எழுதப்பட்ட செயல் உண்மையாக நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதே அக்கல்லுக்குரிய அறம்.

இதே வினா இன்று விளையாட்டு உலகில் வேறு வடிவில் எழுந்துள்ளது. ஊக்கமருந்து உட்கொண்டவருக்கும் ஒழுக்கம் தவறியவருக்கும் புகழ்ச் சின்னம் எழுப்பலாமா? அமெரிக்கர்கள் இதைக் குறித்துப் பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அவர்களது பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஒரு புகழ்க் கூடம் உண்டு. 1936இல் அதற்கான முதல் தேர்தல் நடைபெற்றது. ஆட்டத்திறனோடு நேர்மையையும் நற்பண்பையும் கருத வேண்டும் என்ற விதி 1945இல் சேர்க்கப்பட்டது. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸும், 354 ஆட்டங்களை வென்ற பந்து வீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸும் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நிழலில் நின்றனர். 2022இல், செய்தியாளர் வாக்களிக்கும் இறுதி வாய்ப்பில், அவர்கள் முறையே 66.0, 65.2 விழுக்காடு பெற்றனர். தேவைப்பட்டதோ 75 விழுக்காடு.

ஆயினும் அவ்விதி எல்லார்க்கும் ஒரே அளவுகோலாய் இருந்ததில்லை. கறுப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சன் 1939 முதல் அங்கே பெருமை பெற்று விளங்குகிறார். 4,256 முறை பந்தை அடித்துச் சாதனை படைத்த பீட் ரோஸோ, ஆட்டத்தில் பந்தயம் கட்டியதற்காக 1989இல் வாழ்நாள் தடை பெற்றார். 2024இல் அவர் மறைந்த பின், 2025இல்தான் தடைப்பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது.

அமெரிக்கா வரை செல்வானேன்? நம் தமிழகத்து மகளிர் இருவரின் வரலாறு இதைவிடக் கூர்மையாய் நம்மைச் சிந்திக்க வைக்கும். இருவரும் எளிய குடும்பத்தினர். இருவரும் தோகா நகரில், அதே 800 மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வென்றனர். இருவருமே அதை இழந்தனர். ஆனால் அவ்விழப்புகள் ஒன்றல்ல.

திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழகம் ஆர்ப்பரித்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் மாதம் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலேயே நாண்ட்ரலோன் வகை மருந்தின் தடயம் இருந்தது பின்னர்த் தெரியவந்தது. நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குச் சென்றது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே கோமதி கூறினார். எனினும், உடலில் எது காணப்பட்டாலும் அதற்கு ஓடியவரே பொறுப்பு என்பது பன்னாட்டு விதி. அது கடுமையானதே. ஆனால் அன்று மேடையில் இரண்டாம் படியில் நின்ற பெண்ணையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் நாட்டுப் பண் முழங்கக் கேட்டிருக்க வேண்டிய அந்த நேரம் அவருக்கு இனி வாராது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அவரது குருதியில் எந்த மருந்தும் இல்லை. அவர் எவரையும் வஞ்சிக்கவும் இல்லை. பாலினச் சோதனை என்ற பெயரால், பிறவியிலேயே அமைந்த உடற்கூற்றுக்காகப் பதக்கம் பறிக்கப்பட்டது. அச்செய்தி உலகறியப் பரப்பப்பட்டது. முதல்வர் கருணாநிதி 15 இலட்சம் ரூபாய் வழங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 2016இல், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவரைப் பயிற்சியாளராக்கியது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை. ஏமாற்றியவர்களின் வரிசையில் ஏமாற்றாத ஒருவரை நிறுத்தியது பெரும் அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

ஒழுக்கம் பற்றிய வழக்குக்கும் நம் நாட்டில் சான்று உண்டு. முகமது அசாருதீன் தம் முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் சதம் அடித்தவர். சூதாட்டப் புகாரின் பேரில் 2000 டிசம்பரில் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அத்தடை சட்டப்படி செல்லாது என 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு அமைப்பு கூறியதையே முடிந்த முடிபாகக் கொண்டு பெயர்களைச் செதுக்கி எறிவோர் இதை மறத்தல் ஆகாது.

பண்டைக் கிரேக்கர் ஒரு வழி கண்டனர். கி.மு. 388இல் தெசலி நாட்டுக் குத்துச்சண்டை வீரன் யூப்போலஸ் எதிராளிகளுக்குக் கையூட்டு அளித்து வென்றான். அவர்களிடம் பெற்ற தண்டத் தொகையில் ஆறு வெண்கலச் சிலைகள் செய்து, ஒலிம்பியாவில் பந்தய வெளிக்குச் செல்லும் வழியில் நிறுத்தினர். களம் புகும் ஒவ்வொருவனும் அவற்றைக் கடந்தே சென்றான். குற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை. அனைவரும் காணுமாறு எழுதி வைத்தார்கள்.

நம் கருத்து இதுவே. ஊக்கமருந்து செயலையே பொய்யாக்குகிறது. ஆகவே அதனால் வந்த வெற்றி ஏட்டில் நிற்கக் கூடாது. ஒழுக்கக்கேடு செயலைப் பொய்யாக்குவதில்லை. அடித்த ஓட்டம் அடித்ததே. அதை ஏட்டிலிருந்து அழிப்பது வரலாற்றுக்கே பொய் சொல்வதாகும். எனினும் ஏடு வேறு, பீடம் வேறு. ஒருவரை இளைஞருக்கு முன்மாதிரியாக நிறுத்துங்கால் சமூகம் அவரது வாழ்வையும் நோக்கும் உரிமையுடையது. அங்கே நிறைகுறை இரண்டையும் எழுதும் நேர்மை வேண்டும். பிறந்த உடலோ குற்றமே அன்று. அதன் பெயரால் எதையும் பறித்தல் தகாது.

காரிமங்கலத்து மைதானத்தில் நாளை ஓடப்போகும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை இரண்டு: வெற்றிக்காக உடலுக்குள் பொய்யை ஏற்றாதே, வீழ்ந்தவர் என்ன செய்தார் என்று ஆராயாமல் அவர்மீது கல்லெறியாதே. நம் முன்னோர் கல்லில் எழுதுமுன் நிகழ்ந்ததைக் கேட்டறிந்தனர். நாமும் அவ்வாறே செய்தல் தகும்.