செக்ரோல் மூடாத வேளையில் எடுத்த பிரதி

கொழும்பு–கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸைக்குச் சற்று முன்னால் இருப்பது வரக்காப்பொல. தலகுலி வாங்குவதற்காக அங்கே வாகனத்தை நிறுத்துவோர், அவ்வீதியிலிருந்து பிரியும் பாதைகளுக்கு அப்பால் இறப்பர்த் தோட்டங்கள் உண்டு என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அத்தோட்டங்களின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் தேடவேண்டியது செக்ரோல் என்னும் பதிவேட்டையே.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு. நண்பகலில் வெட்டிய பாலின் நிறை. மாலையில்தான் ஒருவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகும். காலை பத்து மணிக்கு அந்த ஏட்டைப் பார்த்து யாரேனும் பிரதி எழுதியிருந்தால், ஆள் இருப்பார், பால் இராது. அப்பிரதியை நம்பிச் சம்பளம் போட்டால் தோட்டமே திரண்டு அலுவலகத்துக்கு வந்துவிடும்!

சம்பளத்தோடு முடிந்த விடயமும் அன்று இது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் ஏழு அல்லது பத்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வாழ்வு, பிறர் கையில் இருந்த ஏடுகளில் தங்கியிருந்தது. நிராகரிப்புக்கு அரசியலே முதற்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஏடு தொலைந்தவனுக்கு வாதாடவும் வழியில்லை.

1992இல் அரசுத் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசொப்ட் அக்செஸ் வெளிவந்தது. சிறு அலுவலகங்களுக்கு அது வரப்பிரசாதம். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. இலிகிதர்கள் நால்வர் தத்தம் கணினியிலிருந்து அதனை ஒரே வேளையில் திறக்கலாம். ஆபத்தும் அங்கேதான் இருந்தது.

கோப்பைப் பிரதியெடுக்கும் கணினி தலையிலிருந்து வால்வரை வரிசையாகப் படித்துச் செல்கிறது. அது நடுப்பகுதியில் இருக்கும்போது ஒருவர் புதிய பதிவொன்றைச் சேர்த்தால், தலைப்பகுதியிலுள்ள அட்டவணை பழையதாகவும் வாலிலுள்ள பதிவு புதியதாகவும் அமைந்துவிடும். பிரதியின் அளவு சரியாக இருக்கும். பெயரும் திகதியும் சரியாக இருக்கும். திறக்கும் நாளில்தான் உண்மை தெரியும். நேற்றைய நல்ல பிரதியின்மீதே இன்றைய பழுதான பிரதியை எழுதும் வழக்கம் இருந்தால் இரண்டும் போயின.

அக்செஸ் கோப்பைத் திறந்தவுடன் அருகில் ஒரு சிறிய பூட்டுக் கோப்பு தோன்றும். உள்ளே இருப்போரின் கணினிப் பெயர்கள் அதில் இருக்கும். கடைசி ஆள் முறைப்படி வெளியேறியதும் அது மறையும். பெரட்டு கலைந்ததற்கு அதுவே அடையாளம். பிரதியெடுக்கவேண்டியது அதன் பின்னரே. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த நிழற்பிரதி வசதி, ஒரு கணத்தை உறையவைத்துப் பிரதி தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்கணத்தில் பாதி எழுதிய பதிவு பாதியாகவே உறையும். திடீர் மின்வெட்டுக்குப் பின் கிடைக்கும் கோப்பைப் போன்றது அது. (2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.)

எவரையும் எழுப்பாமல் பிரதியெடுக்கும் கலை பெரிய தரவுத்தளங்களுக்கு முன்பே கைவந்திருந்தது. ஒராக்கிளின் ஆறாம் பதிப்பு 1988இலேயே அதனைச் செய்தது. பிரதியெடுக்கும் நேரத்தில் நிகழும் மாற்றங்களின் குறிப்பேட்டையும் சேர்த்து வைத்து, மீட்கும்போது இரண்டையும் பொருத்துவதே அதன் சூட்சுமம்.

பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கணினிமுகில் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்கு, வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டது.

தோட்ட அலுவலகங்களில் எவரேனும் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். மாத முடிவில் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, யாராவது ஒரு தொழிலாளியின் பேர்களை எண்ணிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கால்மணி நேர வேலைதான்.