தொண்டில் விளைந்த கல்வி

ஆராய்ச்சி நூலகத்திலேயே பிறப்பது என்பது பலர் எண்ணம். பிழைப்பு நாடிக் குடிபெயர்ந்த மக்களிடையே மாணவர் ஆற்றிய தொண்டும் ஆராய்ச்சிக்குத் தாயாக விளங்கியதை வரலாறு காட்டுகின்றது.

1889ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவர்தம் தோழியாரும் சிகாகோ நகரில் ‘ஹல் ஹவுஸ்’ என்னும் தொண்டு இல்லத்தை நிறுவினர். இத்தாலி, கிரேக்கம், ருஷியா முதலிய நாடுகளினின்று வந்த ஏழைத் தொழிலாளர் அதனைச் சூழ வாழ்ந்தனர். இல்லத்தில் தங்கிப் பணிபுரிந்தோர் அம்மக்களின் தாய்நாட்டையும் வாரக் கூலியையும் வீடுதோறும் குறித்து, வரைபடங்களாக்கி, 1895இல் நூலாக வெளியிட்டனர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றுவந்த கிரேஸ் அபட் என்னும் நங்கையார் 1908இல் அவ்வில்லம் சேர்ந்தார். புதிதாய் வந்திறங்குவோரை வஞ்சகரிடமிருந்து காக்கும் கழகத்தை நடத்தினார். குடியேறியோரைப் பற்றி 1917இல் அவர் வெளியிட்ட நூல் அப்பணியின் விளைவேயாகும்.

அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளிஃபர்ட் மான்ஷார்ட் 1925இல் பம்பாய்க்கு வந்தார். நாகபாடாவில் அவர் அமைத்த தொண்டு இல்லத்திலேயே, 1936இல், சமூகப் பணிக்கான டாட்டா கல்லூரி தோன்றியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. மான்ஷார்டுக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் தமிழராகிய ஜே. எம். குமரப்பா என்பது நமக்குப் பெருமை தருவதாகும். காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் தமையனார் அவர்.

1947இல் நாடு பிரிந்தது. வீடிழந்தோர் குருட்சேத்திர முகாமில் குவிந்தனர். அடுத்த ஆண்டில் இந்நிறுவனத்தின் ஆசிரியரும் மாணவரும் அங்குச் சென்று தொண்டாற்றினர். அன்று தொடங்கிய துயர்துடைப்புப் பணி இன்று பேரிடர் பற்றிய தனிக் கல்வித் துறையாக அங்கு வளர்ந்துள்ளது.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? தொழிலாளி ஒருவருக்கு விண்ணப்பம் எழுதித் தரும் மாணவன், அவருக்கு உரிய உதவி அவரை ஏன் எட்டவில்லை என வினவுகின்றான். அவ்வினா அவனைச் சட்டத்திற்கும் பொருளியலுக்கும் அழைத்துச் செல்கின்றது. பசித்தவர் முகம் கண்டு எழுந்த வினாவாதலின், விடை காணும்வரை அஃது அவனை உறங்க விடாது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரை நாம் கண்டோம். நாமும் நம் முன்னோரும் பிழைப்புத் தேடிப் பிற மாநிலம் புகுந்தவர்களே. ஆதலின், நம் இளைஞர் வாரத்தில் ஒருநாளேனும் இந்நகரின் கட்டடத் தொழிலாளர் குடிசைகளுக்குச் செல்வாராக! தாம் கற்கவேண்டியது யாதென்பதை அங்கே உணர்வர்.