ஒரு வட்டில் இரு இயங்குதளங்கள்: குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்தில் லினக்ஸ் பரவிய வரலாறு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், அப்பாதையின் தென்பகுதி படிப்படியாகக் கல்வி நிலையங்களின் வட்டாரமாக வளர்ந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது, 1949-இல் சி. ராஜம் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது எம்.ஐ.டி., குரோம்பேட்டையில் அமைந்தது. பிற்காலத்தில் வண்டலூர் வரை பொறியியல் கல்லூரிகள் பெருகின. 1990-களின் பிற்பகுதியில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம், அதாவது யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் இயங்குதளம், தமிழ்நாட்டு மாணவர்களை எட்டியபோது, அதை வரவேற்கத் தக்க நிலம் இங்கே பண்பட்டிருந்தது. ஆயினும் வீட்டுக்கு ஒரு கணினி இருப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், அண்ணனின் அலுவல், தம்பியின் விளையாட்டு, தங்கையின் படிப்பு அனைத்துக்கும் விண்டோஸ் தேவைப்பட்டதால், அதை அழிக்காமல் லினக்ஸுக்கு இடம் தேடுவதே முதல் சிக்கலாயிற்று. வட்டின் பிரிவுகளைச் சுருக்கியும் விரித்தும் இரண்டு இயங்குதளங்களை அருகருகே வைக்கும் தொழில்நுட்பத்தின் வரலாறு இந்தத் தேவையிலிருந்தே பொருள் பெறுகிறது.

வட்டைப் பிரிக்கும் முறை லினக்ஸைவிட மூத்தது. 1983-இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது, உடன்வந்த டாஸ் 2.0 இயங்குதளம், வட்டின் முதல் 512 பைட்டில் ஓர் அட்டவணையை எழுதியது. மாஸ்டர் பூட் ரெக்கார்ட் எனப்படும் அப்பகுதியில் 64 பைட் மட்டுமே அட்டவணைக்கு உரியது. ஒவ்வொன்றும் 16 பைட் கொண்ட நான்கு பதிவுகள், எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்று குறிக்கின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி, கணினி உயிர்பெறும்போது முதலில் இயங்கும் சிறு நிரலுக்கு ஒதுக்கப்பட்டது. லினக்ஸின் லிலோ என்னும் துவக்க நிரலும், பின்வந்த கிரப்பும் இந்த நிரலின் இடத்தில் அமர்ந்தே எந்த இயங்குதளம் வேண்டும் என்று பயனரைக் கேட்டன. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தன் நிரலை அதே இடத்தில் எழுதிவிடும் என்பதால், விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவ வேண்டும் என்பது எழுதப்படாத விதியாயிற்று.

அட்டவணையில் எண்ணை மாற்றுவது எளிது. எல்லைக்கு அப்பால் கிடக்கும் கோப்புகளை இப்பால் கொண்டுவருவதே அரிது. புறநகரில் ஒரு மனையை உட்பிரிவு செய்யும்போது, பத்திரத்தில் எல்லையைத் திருத்துமுன் பிரிந்துபோகும் பகுதியில் நிற்கும் கட்டுமானத்தை அகற்றியாக வேண்டியிருப்பது போன்றது இது. ஆகவே சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமையையும், அதாவது எந்தக் கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்று கணக்கு வைக்கும் அமைப்பையும், பிறகு பிரிவின் எல்லையையும் குறைக்க வேண்டும். விரிக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். 1993-இல் ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்னும் இலவச நிரல் கோப்புகளை நகர்த்தாது. பயனரே டீஃபிராக் செய்து, அதாவது சிதறிய கோப்புகளை வட்டின் முன்பகுதியில் ஒழுங்குபடுத்தி வைத்தபின், வெற்றிடத்தைத் தனிப்பிரிவாக வெட்டித் தரும். விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த பார்ட்டிஷன் மேஜிக் என்னும் நிரல் கோப்புகளைத் தானே நகர்த்தியது; ஆனால் நகர்த்தும்போது நடுவில் மின்சாரம் நின்றால் வட்டின் உள்ளடக்கமே சிதையக்கூடும் என்பதால், மின்வெட்டுக்குப் பழகிய தமிழ்நாட்டில் காப்புநகல் எடுத்தபின் தொடங்குவதே அறிவுடைமையாக இருந்தது.

பி.சி. குவெஸ்ட் இதழ் 1996-இல் தன் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகடு வழங்கியதும், 2005 முதல் 2011 வரை உபுண்டுவின் குறுந்தகடுகள் உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் வந்ததும் லினக்ஸை நிறுவிப் பார்க்கும் முயற்சியைப் பலருக்கு எட்டச் செய்தன. இதற்கிடையே விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை வீடுகளில் பரவ, பழைய ஃபேட் முறைமையை மட்டுமே அறிந்த ஃபிப்ஸ் பயனற்றுப்போயிற்று. 2002-இல் வந்த என்.டி.எஃப்.எஸ்.ரீசைஸ் நிரலும், வட்டின் பிரிவுகளைப் படமாகக் காட்டி இழுத்துச் சுருக்கவைத்த ஜிபார்ட்டடும் அந்த இடைவெளியை நிரப்பின. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவே தன் பிரிவைச் சுருக்கும் வசதியைப் பெற்றதும், வட்டின் உள்ளடக்கம் சிதையும் என்ற பழைய அச்சம் பெரிதும் தணிந்தது.

கருவிகள் மட்டுமே ஒரு தொழில்நுட்பத்தை நிலைநிறுத்துவதில்லை. 2005-இல் இந்திய அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் உருவானபோது, அதன் பொறுப்பை அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பகிர்ந்துகொண்டன. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கி, இந்திய மொழிகளில் இயங்கும்படி 2007-இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் அம்முயற்சியின் பெரும்பயன். கட்டற்ற மென்பொருளை அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் விருப்பப்பாடமாகப் படிக்கும் நிலை வந்ததும் அம்மையத்தின் பணியே. இந்த இரண்டாவது பயன் முதலாவதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது, ஆனால் நெடுநாள் நிலைப்பது அதுவே. நிறுவனங்களுக்கு வெளியே, தாம்பரம் வட்டாரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் கூடிப் பழகினர். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் அறிவை எளிய தமிழில் எழுதி இலவசமாக வழங்கியது. ஆங்கிலக் கையேட்டின் முன் தயங்கிய ஒரு தலைமுறைக்கு அது செய்த உதவி பெரிது.

தனிமனிதர் அஞ்சி அஞ்சிச் செய்த வேலையைத் தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் பல இலட்சம் கணினிகளில் செய்துகாட்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டு மாணவர் கைக்கு வந்தது. ஆனால் பாஸ் எதற்கு என்று விளக்கும் ஆசிரியர் அருகில் இல்லாத இடங்களில், அதன் பிரிவை அழித்து அந்த இடத்தை விண்டோஸுக்குச் சேர்த்துக்கொள்வதே மாணவர் கற்ற முதல் வட்டுப்பிரிப்புப் பாடமாயிற்று. பிரிவைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் தேடியவர்கள் லினக்ஸைக் கற்றார்கள். ஆயத்தமாகப் பிரித்துத் தரப்பட்ட இடத்தைப் பெற்றவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குறை மாணவரிடம் இல்லை, பயிற்சியில்தான்.

2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனங்கள் வழங்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. மாநிலப் பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலோ விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகப்படுத்துகிறது. ஒரு வட்டைத் தம் கையாலேயே சுருக்கி இரண்டாவது இயங்குதளத்தை நிறுவும் செய்முறைப் பயிற்சியை அந்தப் பாடத்தோடும் இந்தச் சாதனங்களோடும் சேர்த்துத் தர, கல்வித் துறை முன்வர வேண்டும்.