பெரியாச்சியின் பேரன்: மலாக்காவில் வளர்ந்த ஒரு பிள்ளையின் வரலாறு

விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் தமிழில் நான்கு வார்த்தை பேசத் தடுமாறுவதும், அதைக் கண்டு பெரியவர்கள் மனம் நோவதும் இன்று நம் மஹல்லாவில் பல வீடுகளில் காணும் காட்சியாகும். கோலாலம்பூரிலும் துபையிலும் வளரும் பிள்ளைக்கு எந்த மொழியைக் கற்பிப்பது? இக்கேள்வி நம் தலைமுறைக்கே முதன்முதலாக வந்ததென எண்ணிவிடலாகாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் குடியேறிய குடும்பங்களும் இதே கேள்வியை எதிர்கொண்டன. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை, அவ்வாறு வளர்ந்த பிள்ளை ஒருவரே தம் கைப்பட எழுதி வைத்துள்ளார். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ்வே அவர்.

அவர் மலாக்காவில் கம்போங் பாலி என்னும் பகுதியில் 1796இல் பிறந்தார். 1797 என்பாரும் உண்டு. பூட்டனார் ஷெய்கு அப்துல் காதிர் யமன் நாட்டு அரபி. நாகூருக்கு வந்து மார்க்கக் கல்வி புகட்டி, அங்கேயே மணம் முடித்தவர். அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் கடல் கடந்து மலாக்கா சென்று, மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்த அம்மையாரின் பெயரை மலாய் நூல் 'பெரி ஆச்சி' என்று தருகிறது. ஆங்கிலத்தில் படிப்போர் இதை ஏதோ அரிய பெயரெனக் கடந்து செல்வர். நமக்கோ, வீட்டுக்குள்ளிருந்து 'பெரியாச்சி!' என்று யாரோ அழைப்பது காதில் விழுகிறது.

இந்தப் பெரியாச்சி சாதாரணப் பெண்மணி அல்லர். கம்போங் பாலியில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளுமாக ஏறத்தாழ 200 பேருக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியை. முன்பிறந்த நான்கு குழந்தைகளும் இறந்துபோன வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்து, நோயோடு போராடிப் பிழைத்த பேரன் என்பதால், மற்றப் பிள்ளைகளுக்கு விழும் அடி அப்துல்லாஹ்வுக்கு விழவில்லை. பாட்டியின் செல்லத்தால் தம் படிப்பு ஓடவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கண்டிப்பெல்லாம் வாப்பாவிடமிருந்துதான் வந்தது.

குர்ஆன் ஓதியபின் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு ஆறு மாதம் தமிழ் பயின்றார். நூலில் அம்மொழி 'கெலிங்' மொழி எனப்படுகிறது. இன்று அச்சொல் அங்குள்ள இந்தியர் செவிக்கு வசையாக ஒலிக்கிறது. அந்நாளில் அது தென்னிந்தியரைக் குறித்த வழக்குச் சொல்லே. தமிழ் கற்பித்ததற்கு அவர் கூறும் காரணத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம்; கணக்கெழுதவும் பேசவும் அது பயன்பட்டது; தமிழ் வணிகர்களால் ஊரே நிரம்பியிருந்தது என்கிறார். 'தாய்மொழியை மறவாதே' என்ற அறிவுரை அங்கே இல்லை. கடைக்குறிப்பேடு தமிழில் இருந்தது, ஆகவே பிள்ளை தமிழ் படித்தான். இக்காலத்தில் நாம் மொழிப்பற்று பற்றி நிறையப் பேசுகிறோம். குறிப்பேட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்னர் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து, அவர்களிடம் இந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்று முதலில் அழைத்தவர்களும் அவர்களே. மலாய் மொழியை மட்டும் கற்பிக்கப் பள்ளி ஏதும் இல்லை. அது பிறவியிலேயே வருவதுதானே என்று மலாய் மக்கள் இருந்துவிட்டனர். வாப்பாவே எழுதவைத்தார், திருத்தினார், பிரம்பாலும் அடித்தார். ஒரு முறையேனும் பாராட்டியதில்லை. இந்த மனிதருக்குத் தம்மேல் அன்பே இல்லையோ என்று பிள்ளை ஏங்கினான்.

ஒருநாள் வாப்பா வெளியே சென்றிருந்தபோது கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுத ஆள் தேடி வந்தார். சிறுவன் தானே எழுதிக் கொடுத்துவிட்டான். திரும்பி வந்த வாப்பா அதைப் பார்த்தார். முகத்தில் புன்னகை மட்டும் தோன்றியது. பின்னர் வீட்டின் மறைவில் நின்ற சிறுவனின் காதில், வாப்பா உம்மாவிடம் பேசியது விழுந்தது. தம் மகன் இன்றுதான் பிறந்தாற்போல் இருக்கிறது என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரம் மலாய் மொழியில் எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நாகூரிலிருந்து வந்தவரின் மகன், தன் பிள்ளை மலாய் எழுத்தில் தேர்ந்ததைக் கண்டே அகமகிழ்ந்தார்.

1811இல் ஜாவாப் படையெடுப்புக்காக மலாக்காவில் தங்கிய ராஃபிள்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தபோது அப்துல்லாஹ் பதின்வயதுச் சிறுவர். தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லாஹ்'வை 1843இல் எழுதி முடித்தார். 1849இல் அது சிங்கப்பூரில் அச்சேறியது. சொந்த மொழியைக் கற்காத மலாய் மக்களை அதில் வெளிப்படையாகச் சாடுகிறார். உள்ளேயிருந்து பேசும் உரிமையோடும் வெளியேயிருந்து பார்க்கும் கண்ணோடும் எழுதியதால், பிற்கால மலாய் அறிஞர் சிலர் அவரை 'நம்மவர் அல்லர்' என்றனர். வெள்ளையரை அளவு மீறிப் புகழ்ந்தார் என்ற குறையும் அவர்மேல் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

குறிப்பேட்டுக்காகக் கற்ற தமிழ் என்னவாயிற்று? 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார் அப்துல்லாஹ். கணக்கெழுத ஊன்றிய விதை இவ்வளவு தூரம் கிளைத்தது. 1854இல் ஹஜ் பயணம் சென்றவர் ஹிஜாஸ் மண்ணிலேயே காலமானார். மகன் முஹம்மது இப்ராஹீம் ஜொகூர் அரசில் உயர் அலுவலரானார். தம் பயணங்களை மலாயில் எழுதினார். நாகூரிலிருந்து கப்பலேறிய பாட்டனாரின் பெயரே அவருக்கும் இடப்பட்டிருந்தது.

இவ்வாறு கலந்து பிறந்தோரை 'ஜாவி பெரானாக்கான்' என்றனர். 'அனாக்' என்றால் மலாயில் பிள்ளை. அம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் என்பதே கருத்து. 1876இல் இவர்கள் சிங்கப்பூரில் அதே பெயரில் முதல் மலாய் வார இதழைத் தொடங்கி 1895 வரை நடத்தினர். இடையில் 1887 முதல் 1890 வரை அதே ஊரில் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' என்ற தமிழ் வார இதழை வெளியிட்டார். ஒரே வீட்டில் வாப்பா ஒன்றையும், அங்கே பிறந்த மகன் மற்றொன்றையும் கையில் பிடித்து, ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். இது என் ஊகம்தான்.