வைரத்தை அறுத்த வைரம்

2009 அக்டோபர். 'பாரி மாட்ச்' வார இதழில் வந்த ஒரு புகைப்படம் பிரான்ஸையே உலுக்கியது. மசூதியிலிருந்து முக்காடு அணிந்து வெளியே வருகிறார் ஒரு பெண். அவர் டியாம்ஸ். அந்நாட்டின் ராப் இசையில் அவரளவு உயரம் தொட்ட பெண் அதுவரை இல்லை.

இயற்பெயர் மெலனி ஜார்ஜியாடிஸ். 1980-இல் சைப்ரஸ் தீவின் நிக்கோசியாவில் பிறந்தார். தந்தை சைப்ரஸ்காரர், தாய் பிரெஞ்சுக்காரர். பெற்றோர் பிரிந்தபின், சின்னஞ்சிறு வயதில் தாயோடு பிரான்ஸ் வந்து, பாரிஸுக்குத் தெற்கேயுள்ள எசோன் பகுதியில் வளர்ந்தார். அப்பா இல்லாத ஏக்கம் உள்ளேயே புழுங்கியது. 15 வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார். அந்த வலியைத்தான் பின்னாளில் பாட்டாக்கினார். வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும் என்பதாலேயே, வைரத்தைக் குறிக்கும் 'டியாம்ஸ்' என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

1999-இல் வந்த முதல் ஆல்பம் எடுபடவில்லை. 2003-இல் வந்த 'ப்ரூட் து ஃபாம்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

2005 அக்டோபரில் கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில், போலீஸுக்குப் பயந்து துணைமின் நிலையத்தில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தனர். புறநகர்கள் வாரக்கணக்கில் பற்றி எரிந்தன. அந்த அனல் தணியுமுன், 2006-இல் வந்தது 'தான் மா புல்'. புறநகர் இளைஞர்களின் பிரான்ஸ் எது என்று உரக்கச் சொன்ன அந்த ஆல்பம்தான் அவ்வாண்டு விற்பனையில் முதலிடம்.

புகழின் உச்சியில் மனம் நொறுங்கியது. 2008-இல் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மாத்திரைகள் தராத அமைதியை, ஒரு தோழியின் அருகில் தொழுத தொழுகை தந்தது. மொரீஷியஸில் குர்ஆனைப் படித்து முடித்து இஸ்லாத்தை ஏற்றார்.

பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு பிரான்ஸ். 2009-இல் அந்தப் புகைப்படம் வெளியானதும் கண்டனங்கள் குவிந்தன. அடுத்த மாதம் வந்த 'எஸ்.ஓ.எஸ்.' ஆல்பமே கடைசி. 2012-இல் சுயசரிதையோடு இசைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகத் தொண்டு அமைப்பு நடத்தினார். 2022-இல் கான் திரைப்பட விழாவில் 'சலாம்' ஆவணப்படத்தின் வழியே தன் கதையைத் தானே சொன்னார்.

அவர் அழுது பாடியபோது கைதட்டிய கூட்டம், அழுகை நின்றபோது முகம் திருப்பிக்கொண்டது. அவரோ கலங்கவில்லை. டியாம்ஸ் என்ற வைரத்தை அறுத்தவர் மெலனிதான்.