முதல் வண்டிக்கு எத்தனை சிசி? ஒரகடம் ரோட்டோரத்துல இருந்து ஒரு பழைய கணக்கு

சேரப்பணஞ்சேரியில இப்போ வயசுப் பையன் இருக்குற வீட்டுல எல்லாம் ஒரே பேச்சுதான். ஐடிஐயோ டிப்ளமோவோ முடிச்சு ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேர்றான். மூணாம் மாசச் சம்பளம் கைக்கு வந்ததும் வண்டி வேணும்னு நிக்கிறான். என்ன வண்டிப்பான்னு கேட்டா 350 சிசியில இருந்துதான் பேச்சே ஆரம்பிக்குது. எங்க அண்ணன் வீட்டுலயும் போன மாசத்துல இருந்து இதே பஞ்சாயத்து. பையனுக்கு 19 வயசு. எல்எல்ஆர் எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. சைக்கிளையும் என்னோட எக்ஸ்எல்லையும் தவிர வேற எதையும் தொட்டதில்ல.

பெரியவங்க வேணாம்ங்கறாங்க, பசங்க வேணும்ங்கறாங்க. ஏன்னு ரெண்டு பக்கமும் சொல்றதில்ல. இந்த சிசி கணக்கு எங்கிருந்து வந்துச்சு, நம்ம தலைமுறை எதுல ஓட்டிப் பழகுச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா பதில் கிடைக்கும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல சிசின்னா என்னன்னு பார்த்துடுவோம். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வர்ற இடத்தோட அளவுதான் அது. கன சென்டிமீட்டர்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். அது வேகமும் இல்ல, பலமும் இல்ல. கழனிக்குத் தண்ணி எறைச்ச கிர்லோஸ்கர் 5 ஹெச்பி டீசல் எஞ்சினை ஞாபகம் இருக்கா? அதோட சிலிண்டர் 80 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 553 சிசி வருது. அவ்வளவு பெரிய சிலிண்டர்ல இருந்து கிடைச்சது 5 குதிரைத் திறன்தான். பின்னாடி வந்த ஆர்எக்ஸ் 100 பைக்குல 98 சிசிதான் இருந்துச்சு, அது குடுத்தது 11 குதிரை. நிதானமா சுத்துற எஞ்சின் ஒரு ரகம், அலறிக்கிட்டுச் சுத்துற எஞ்சின் இன்னொரு ரகம். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு, புல்லட் 350 வந்துச்சு. 1960-கள்ல மைசூர்ல இருந்து 250 சிசி ஜாவா, வடக்க இருந்து 175 சிசி ராஜ்தூத். அந்தக் காலத்துல நம்ம நாட்டுல கிடைச்ச மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் இவ்வளவுதான். எவ்வளவு உற்பத்தி பண்ணலாம்னு சர்க்கார் லைசென்ஸ் குடுத்த காலம் அது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க இருக்காங்க.

புல்லட் வச்சிருந்தது போலீஸ், ராணுவம், காசுள்ள மிராசு வீடு. அதைக் கிளப்புறதே ஒரு வித்தை. கம்ப்ரஷனை விடுற லீவரைப் பிடிக்கணும், ஆம்பியர் முள்ளைப் பார்க்கணும், பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்து அப்புறம் உதைக்கணும். தப்பா உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. 18 வயசுப் பையன் ஆசைப்பட்டாலும் வீட்டுல காசும் இருக்காது, அவன் உதைக்கு வண்டியும் மசியாது.

நம்மளை மாதிரி ஜனங்களுக்கு வழி பண்ணுனது 50 சிசிதான். 1972-ல லூனா வந்துச்சு. 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு, ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி. பால் கேன், தவிட்டு மூட்டை, கத்திரிக்காக் கூடை எல்லாத்தையும் அதுலயே கட்டி படப்பைக்கு ஓட்டுனாங்க. மிஞ்சிப் போனா நாற்பது கிலோமீட்டர் வேகம். கியரும் இல்ல. எங்க வயசுக்காரங்கள்ல பாதிப் பேர் ரோடுங்கறது என்னன்னு கத்துக்கிட்டது அந்த வண்டியிலதான். லாரி எதிர்ல வந்தா எங்க ஒதுங்கணும், மழையில எந்த இடத்துல பிரேக் பிடிக்கக் கூடாது, மாடு எந்தப் பக்கம் திரும்பும், எல்லாமே நாற்பது கிலோமீட்டர் வேகத்துல படிச்ச பாடம். தப்பு பண்ணினாலும் முட்டி தேயும், அதோட போச்சு.

அப்புறம்தான் 100 சிசி காலம். ஜப்பான் கம்பெனிகளோட கூட்டு சேர்ந்து 1984-ல ஓசூர்ல இண்ட்-சுசூகி, 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ். மொபெட்டுல பழகுனவங்க அஞ்சாறு வருஷம் கழிச்சு 100 சிசிக்கு மாறினாங்க. அதுக்கும் மேல காசு சேர்ந்தவங்க புல்லட்டுக்குப் போனாங்க. யாரும் திட்டம் போட்டு வச்ச ஏணி இல்ல இது. காசு இல்லாததும் வண்டி கிடைக்காததும் சேர்ந்து தானா போட்ட ஏணி.

இங்கயும் சிசி ஏமாத்தின கதை உண்டு. சிடி 100-ம் 97 சிசி, ஆர்எக்ஸ் 100-ம் 98 சிசி. ஆனா முதல்ல சொன்னது ஃபோர் ஸ்ட்ரோக், ஏழு ஏழரை குதிரை. ரெண்டாவது டூ ஸ்ட்ரோக், 11 குதிரை, எடையும் கம்மி. பேப்பர்ல அண்ணன் தம்பி, ரோட்டுல ஆடும் புலியும். அதே மாதிரி 1983-ல வந்த ராஜ்தூத் 350-க்கு 347 சிசியில சுமார் 30 குதிரை. புல்லட் 350-க்கு 18தான். இன்னைக்கும் அப்படித்தான். 155 சிசி ஆர்15 வண்டி, பழைய புல்லட் குடுத்த அதே 18 குதிரையைக் குடுக்குது. 373 சிசி டியூக் 390 வந்தப்பவே 43 குதிரை. அதனால சிசியை மட்டும் கேட்டுட்டு "பெருசு, சிறுசு"ன்னு முடிவு பண்றது, மாட்டோட உயரத்தைப் பார்த்துட்டு அது சாதுவா முரடான்னு சொல்ற மாதிரி.

இப்போ கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போயிட்டு வருவோம். புல்லட் பிறந்த இங்கிலாந்துல 1961-ல ஒரு சட்டம் போட்டாங்க. புதுசா ஓட்டிப் பழகுறவங்க 250 சிசிக்கு மேல தொடக் கூடாது. அந்தப் பசங்களுக்காகவே ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடின்னு ஒரு 250 சிசி வண்டியை 1964 கடைசியில கொண்டு வந்தாங்க. நாளாக ஆக 250 சிசி வண்டிங்களே மணிக்கு நூறு மைலைத் தொட ஆரம்பிச்சுது. உடனே 1983-ல பழகுறவங்களுக்கு 125 சிசின்னு குறைச்சாங்க. இப்போ சிசியோட நிக்காம பலத்தையும் அளக்குறாங்க. 17 வயசுல 125 சிசி, அதிகபட்சம் 11 கிலோவாட், அதாவது 15 குதிரை. 19 வயசுல தனியா பரீட்சை எழுதினா 35 கிலோவாட், அதாவது 47 குதிரை வரைக்கும். அதுக்கு மேல போக இன்னும் வயசும் இன்னொரு பரீட்சையும் வேணும்.

அதே கான்டினென்டல் ஜிடி பேர்ல 2018-ல 648 சிசி வண்டி வந்துச்சு. ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013-ல ஒரகடத்துக்கும் 2017-ல வல்லம் வடகாலுக்கும் வந்தாச்சு, அதனால அது நம்ம மண்ணுல இருந்து போற வண்டி. 47 குதிரை. நம்ம நாட்டுல 18 வயசு முடிஞ்சு, கியர் வண்டி லைசென்ஸ் எடுத்த பையன் அன்னைக்கு சாயங்காலமே அதை ஓட்டலாம். 100 சிசி வண்டியில எட்டு போட்டுக் காட்டி வாங்கின லைசென்ஸா இருந்தாலும் போதும். நம்ம மோட்டார் வாகனச் சட்டம் கேக்குறது கியர் உண்டா இல்லையான்னுதான். எத்தனை சிசி, எத்தனை குதிரைன்னு கேக்குறதில்ல. 16 வயசுல 50 சிசி வரைக்கும் ஓட்டலாம்னு ஒரு விதி இருக்கு, ஆனா அந்தப் பெட்ரோல் மொபெட்டுங்கதான் கடையில இல்ல.

ஆச்சரியம் என்னன்னா, மத்த எல்லாத்துக்கும் சிசி கோடு உண்டு. 125 சிசிக்கு மேல இருந்தா ஏபிஎஸ் கட்டாயம், இது 2019 ஏப்ரல்ல இருந்து. மூணாம் நபர் இன்சூரன்ஸ், 2022-ல வந்த கட்டணப்படி புது வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு, 150 சிசிக்குள்ள 3,851 ரூபாய், 150 தாண்டி 350 வரைக்கும் 7,365 ரூபாய். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா இறங்குச்சு, அதுக்கு மேல 40. சிசியைப் பார்த்து வரி போடத் தெரியுது, புதுசா ஓட்டுறவனுக்கு மட்டும் சிசி பார்க்கத் தெரியல. மாசத் தவணை வந்தப்புறம் காசு போட்ட ஏணியும் போயிடுச்சு. சட்டமும் ஏணி போடல. அப்போ அந்த வேலை வீட்டுல இருக்குற நம்ம தலையிலதான் விழுது.

அண்ணன் மகன் சும்மா அடம் பிடிக்கல, நியாயமாத்தான் பேசினான். "சித்தப்பா, அந்த 350-க்கு 20 குதிரைதான். 200 சிசி வண்டிக்கே அதை விட அதிகம். பதமாத்தான் போகும்"னான். அவன் சொன்னது சரிதான். ஆனா கிளாசிக் 350-யோட எடை 195 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை நாலைக் கட்டினாலும் அதை விடக் குறைவு. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ரெண்டரை மூட்டை. புதுசா ஓட்டுறவன் கீழ விழுறது பெரும்பாலும் அறுபதுல இல்ல, அஞ்சுலயும் பத்துலயும்தான். யூ டர்ன்ல, மண் ஒதுங்கின ஓரத்துல, சரிவுல நிறுத்துறப்போ. அந்த நேரத்துல வண்டி சாய்ஞ்சா 112 கிலோவைக் காலால தாங்கிடலாம். 195 கிலோ சாய்ஞ்சா அது போற பக்கம்தான் நாமளும் போகணும்.

அதுவும் எந்த ரோடு? வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு. ஒரு பக்கம் கன்டெய்னர் டிரெய்லர், இன்னொரு பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏத்துற கம்பெனி பஸ், நடுவுல எதிர்ப்பக்கமா வர்ற பைக். காலை ஷிஃப்டுன்னா இருட்டோட கிளம்பணும், மார்கழியில ஏரிப் பக்கம் பனி வேற. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவன் கண்ணுல தூக்கம். டிவிஎஸ் 50 காலத்துல இந்த ரோட்டுல மாட்டு வண்டியும் ஒண்ணு ரெண்டு பஸ்ஸும்தான். ரோடு மாறினதுக்கு பையன் பொறுப்பில்ல. ஆனா பழகுற இடம் இதுதான்.

நான் சொன்ன கணக்கு இதுதான். உக்கார்ந்தா ரெண்டு காலும் தரையில முழுசா பதியணும். எஞ்சினை நிறுத்திட்டு, இறங்கி நின்னு, வண்டியைத் தனியாத் தள்ளி வீட்டு வாசல் மேட்டுல ஏத்த முடியணும். எட்டுல இருந்து பன்னெண்டு குதிரை போதும், அது 100-லயும் 125-லயும் கிடைக்குது. 125-ல ஏபிஎஸ் உள்ள வண்டி கிடைச்சா ரொம்ப நல்லது. உயரமான பையன், தினமும் தூரம் போறான்னா ஏபிஎஸ் வச்ச 150-ம் தப்பில்ல. ஆனா அது நிதானமான 150-ஆ இருக்கணும், படுத்துக்கிட்டு ஓட்டுற ரகமா இருக்கக் கூடாது. மிச்சமாகுற காசுல நல்ல ஹெல்மெட் ரெண்டு வாங்கணும், ஒண்ணு பின்னாடி உக்கார்றவங்களுக்கு.

பையன் முகம் சுருங்கித்தான் போச்சு. அண்ணி ஒரு வழி சொன்னாங்க. இப்போ 125. ரெண்டு வருஷம் ஓட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு மார்கழியும் முழுசா இந்த ரோட்டுல பார்த்துட்டு, அவன் காசுலயே 350 வாங்கிக்கட்டும், அப்போ யாரும் தடுக்க மாட்டோம்னு. அவனும் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு நாள் கூட தள்ளக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டான். ஆவணியில வண்டி எடுக்குறதா பேச்சு.